இலாபம் என்று தொடங்கும் கணக்கு

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே செல்வோர்க்கு இரஞ்சன்குடிக் கோட்டை புதியதன்று. 17-ஆம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவர் எழுப்பிய கோட்டை அது. 1751-இல் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் இதன் அருகில் மோதிக்கொண்டன. இன்று அகழியும் மதிலும் மண்டபமும் அமைதியாக வெயிலில் நிற்கின்றன. இந்தக் கோட்டைக்குத் தொலைவில் இல்லாத சிற்றூர் ஒன்றில் எங்கள் பங்கின் கிளைச் சிற்றாலயம் இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிட்டு வாழும் சில குடும்பங்களே அங்குள்ள இறைமக்கள். நான் சொல்லப்போவது அவர்களுள் ஒரு குடும்பத்தைப் பற்றியது. ஓர் எண்ணைப் பற்றியது. என் மறையுரை ஒன்றைப் பற்றியதும்கூட.

அந்த வீட்டில் மூவர் இருக்கின்றனர். எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. ஊரார் எல்லாருக்கும் அவர் ஆயா. அவருடைய மருமகள். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பேரன். நான்காவது ஒருவர் இருந்தார். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் இரவு, வெங்காய மூட்டைக்குப் பணம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியவர், சாலையோரம் விளக்கின்றி நின்ற டிராக்டர் பெட்டியில் மோதி அங்கேயே உயிர்விட்டார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த சில வாரங்களில், அந்தப் பெண் நற்கருணை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். திருப்பலிக்கு வருவார், கடைசி வரிசையில் அமர்வார், எல்லாரும் எழுந்து வரும்போது தலை குனிந்து அங்கேயே இருந்துவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், பின்பு சொன்னார்:

"சாமி, அந்த வண்டி நம்பரு மூணு ஆறு. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நம்பர்ல என்ன இருக்கு, வெல கம்மியா வருதுன்னு நான்தான் வாங்க வெச்சேன். பைபிள்ல இருக்கிற அந்த எண்ண நானே வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுட்டேன்."

பழைய வண்டியாக வாங்கியது. பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 0666. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினாராம். இன்னொருவர் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அதன் ஒரு பக்கத்தில், திருவெளிப்பாடு நூல் கூறும் விலங்கின் எண் 666 இன்று எங்கெங்கு மறைந்திருக்கிறது என்ற பட்டியல். மறுபக்கத்தில், யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட 153 மீன்களின் எண்ணிக்கை எவ்வளவு அதிசயமானது என்ற விளக்கம். ஒரு பக்கம் அச்சம், மறுபக்கம் வியப்பு. இரண்டும் ஒரே தாளின் இரு புறங்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

குருமடத்தில் கற்றதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். திருவெளிப்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அன்று கிரேக்கர்களிடம் இன்று நாம் எழுதும் இலக்கங்கள் இல்லை. எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். 600-க்கு ஓர் எழுத்து, 60-க்கு வேறோர் எழுத்து, 6-க்கு மற்றொன்று. ஆகவே அந்நூலை முதலில் படித்தவர்கள் மூன்று ஆறுகள் வரிசையாக நிற்பதைக் கண்டதே இல்லை. நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும் என்பது அறிஞர் பலரின் விளக்கம். சில பழைய கையெழுத்துப் படிகளில் இந்த எண் 616 என்றே காணப்படுகிறது. நீரோவின் பெயரில் இறுதி எழுத்து ஒன்றை விட்டுவிட்டால் 616 கிடைக்கும். துன்புறுத்தும் அரசன் மனிதனே, கடவுள் அல்லன், அவன் காலம் முடியும் என்று, துன்புற்ற திருச்சபைக்கு ஆறுதல் சொல்ல எழுந்த எண் அது. கைம்பெண் ஒருவரை அச்சுறுத்த எழுந்ததன்று.

பொறுமையாகக் கேட்டார். "நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. ஆனா அந்தத் தகட்டுல மூணு ஆறும் நிக்கிறத நான் கண்ணால பாக்குறேனே சாமி" என்றார்.

கண்ணால் காண்பதற்கு எதிராகப் பேச்சு வெல்வதில்லை. அவர் காண்பதை வேறு விதமாகக் காட்டவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

2025-ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய வாரம். அன்பியச் செபம் அவர்கள் வீட்டில் நடந்தது. செபம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு, திண்ணையில் அமர்ந்திருந்த ஆயாவிடம் பழைய அளவுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தந்தை களத்துமேட்டில் நெல்லும் சோளமும் அளந்து கணக்குச் சொல்லும் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஆயா, அறுநூற்று அறுபத்தாறு நாழி தானியம் இருந்தால், அப்பா அதை எப்படிச் சொல்லியிருப்பார்?"

எண்ணைக் கேட்டதும் மருமகள் நிமிர்ந்தார். ஆயா ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, பல்லாங்குழி ஆடுவதற்கென்று வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஒரு சொளகில் கொண்டுவந்தார்.

இங்கே அந்த வாய்ப்பாட்டைச் சற்று நினைவுபடுத்த வேண்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. அதையே மரக்கால் என்கிறோம். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவு மாறினாலும், பழைய எண்சுவடிகள் சொல்லும் வரிசை இதுவே. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வரவேண்டிய நெல் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்றே கணக்கிடப்பட்டிருக்கிறது. நாம் இன்று எல்லாவற்றையும் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிறோம். அவர்கள் தானியத்தை இரண்டிரண்டாகவும், இடையில் எட்டாகவும், இறுதியில் மூன்றாகவும் கட்டி எண்ணினார்கள். தானியத்தை இரு சம பங்காக்குவது எளிது. பத்துப் பங்காக்குவது கடினம். அளப்பவர் கையின் அனுபவத்திலிருந்து பிறந்த ஒழுங்கு அது. 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் கடைத்தெருவை ஆளத் தொடங்கிய பிறகு அந்த ஒழுங்கு மெல்ல மறைந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு நூறு காசு என்று மாறியதும் இத்தகைய மாற்றமே. கணக்கு மாறியதே தவிர, அன்று எவர் மடியிலிருந்த ரூபாயின் மதிப்பும் அதனால் கூடவோ குறையவோ இல்லை.

ஆயா தரையில் விரலால் ஐந்து கோடுகள் இழுத்தார். "தொண்ணூத்தாறு நாழி ஒரு கலம்" என்று முணுமுணுத்தபடி முதல் கோட்டில் கொட்டைகளை வைத்தார். நம் ஊர்க் களங்களில் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லித் தொடங்குவதில்லை. இலாபம் என்றே தொடங்குவார்கள். ஆயாவும் அப்படியே: "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." ஆறு கலம், 576 நாழி தீர்ந்தது. மீதி 90. "லாபம், ரெண்டு." இரண்டு தூணி, 64 தீர்ந்தது. மீதி 26. "லாபம்." ஒரு பதக்கு. மீதி 10. "லாபம்." ஒரு குறுணி. மீதி இரண்டு நாழி. "லாபம், ரெண்டு."

ஆறு, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. பன்னிரண்டு புளியங்கொட்டைகள்.

"இதுதான் அம்மா அந்த எண்" என்றேன் மருமகளிடம். "இதில் மூன்று ஆறு எங்கே?"

பேரனும் உற்சாகமாகக் குனிந்தான். பள்ளியில் அவர்களுக்கு இரும எண்முறையும் எண்ம எண்முறையும் பாடம். எட்டெட்டாகக் கட்டி எழுதினால் 666 என்பது 1232 என்றாகிறது. இரண்டிரண்டாகக் கட்டி எழுதினால் 1010011010 என்றாகிறது. அவற்றைத் தரையில் எழுதிக் காட்டினான். நம் பழைய தமிழ் எண் குறிகளிலும், ஆறுக்கு அடுத்து நூறின் குறி, மீண்டும் ஆறுக்கு அடுத்துப் பத்தின் குறி, பின்பு ஆறு என்று எழுதவேண்டும். அங்கும் மூன்று ஆறுகள் ஒட்டி நிற்பதில்லை.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை அறிந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளின் வடிவத்தைத் திருத்தியவர் என்று போற்றப்படுகிறார். அவர் திருத்தியது வடிவத்தை, ஒலியையன்று. அவருக்கு முன்பும் தமிழன் ஏரி என்றே சொன்னான். எரி என்று சொல்லவில்லை. எண்ணும் அவ்வாறே. எத்தனை என்பது ஒன்று. அதை எப்படி எழுதுகிறோம் என்பது வேறு. மூன்று ஆறுகள் எழுத்தில் இருக்கின்றன, எண்ணில் இல்லை. பத்துப் பத்தாகக் கட்டுவது நம் பத்து விரல்களின் பழக்கம். சாத்தான் தன் அடையாளத்தைப் பதிக்க நம் விரல்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கவேண்டுமா?

அந்தப் பெண் நெடுநேரம் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அவரு ஏன் சாமி செத்தாரு?"

நான் எதிர்பாராத கேள்வி. அவரிடமிருந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்; ஆனால் அந்தப் பொய் அவருக்கு ஒரு காரணமாக இருந்தது. தன்மீதே பழி சுமத்திய காரணமாயினும், காரணமற்ற வெறுமையைவிட அது பிடித்துக்கொள்ள ஏதுவாக இருந்தது. விளக்கில்லாத பெட்டி, இருட்டு, தலைக்கவசம் இல்லாமை என்று நான் சொல்லலாம். அவை எப்படி இறந்தார் என்பதற்கு விடை. அவர் கேட்டது அதையன்று. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தவரை நன்றாகவே இருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நானும் பேசாதிருந்தேன்.

அந்த மௌனத்தைக் கலைத்தவன் பேரன். அந்த ஞாயிறு வாசிக்கப்படவிருந்த நற்செய்தி, யோவானின் 21-ஆம் அதிகாரம். "ஃபாதர், நூத்தம்பத்து மூணு மீனு நம்ம கணக்குல எவ்ளோ வரும்?" என்று கேட்டான். ஆயா பழைய கொட்டைகளை ஒதுக்கினார்.

"லாபம்." ஒரு கலம், மீதி 57. "லாபம்." ஒரு தூணி, மீதி 25. "லாபம்." ஒரு பதக்கு, மீதி 9. "லாபம்." ஒரு குறுணி, மீதி 1. "லாபம்." ஒரு நாழி.

ஐந்து கோடுகளிலும் ஒவ்வொரு கொட்டை. 96, 32, 16, 8, 1, கூட்டினால் 153. எந்த அளவும் விடுபடவில்லை. எந்த அளவும் இருமுறை வரவில்லை. ஆயா வாய்விட்டுச் சிரித்தார். "சாமி, ரெண்டுங்கிற பேச்சே வரலியே. அம்புட்டும் லாபமாவே முடிஞ்சுபோச்சே!"

எனக்கும் மெய்சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய வழக்கில் கலமே தூணிப் பதக்குக் குறுணி நாழி என்று, ஒன்று என்ற சொல்லே இல்லாமல் சொல்லிவிடலாம். உயிர்த்த ஆண்டவரின் வலையில் விழுந்த மீன்கள், தமிழ்க் களத்து அளவில் அளந்தால், இலாபம் இலாபம் என்று ஐந்து முறை ஒலிக்கின்றன! ஞாயிறு மறையுரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பேரன் அத்துடன் விடவில்லை. துண்டுப் பிரசுரத்தின் மறுபக்கத்திலிருந்த வேடிக்கையைக் காட்டினான். 153-இன் இலக்கங்கள் 1, 5, 3. அவற்றின் கனங்கள் 1, 125, 27. கூட்டினால் மீண்டும் 153. பின்பு அவன் தானே கண்டுபிடித்ததைச் சொன்னான். 666-இன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் 648. அதன் இலக்கங்களுக்கு அவ்வாறே செய்தால் 792. பின்பு 1080. பின்பு 513. பின்பு 153. "ஃபாதர், அந்த எண்ணும் கடைசியில இந்த எண்ணுலதான் வந்து அடங்குது!" தன் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுடைய கணக்கெல்லாம் யாருக்காக என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாயின் முகத்திலும் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சிறு ஒளி.

அன்றிரவு மறையுரை எழுத அமர்ந்தேன். தலைப்பே கிடைத்துவிட்டது. விலங்கின் எண் ஐந்தே படிகளில் உயிர்த்தவரின் எண்ணிடம் சரணடைகிறது. அந்த எண்ணோ நம் களத்துமேட்டில் இலாபம் என்றே ஒலிக்கிறது. எழுத எழுத வந்தது. பாதிப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

சில மணி நேரத்திற்கு முன் நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன்? எழுதும் முறையில் தெரிவது எண்ணின் குணம் அன்று என்றேன். மூன்று ஆறுகள் பத்துப் பத்தாகக் கட்டும் பழக்கத்தின் நிழல் என்றால், 1, 5, 3 என்ற இலக்கங்களின் கனங்களும் அதே பழக்கத்தின் நிழல்தானே? எட்டெட்டாகக் கட்டினால் 153 என்பது 231. அவற்றின் கனங்களைக் கூட்டினால் 36, அதிசயம் மறைந்துவிடுகிறது. ஐந்து கொட்டைகளும் அப்படியே. நாழிக்குப் பதிலாக ஆழாக்கில் தொடங்கி 153 ஆழாக்கை அளந்தால், ஒரு பதக்கு, மூன்று நாழி, ஓர் ஆழாக்கு என்று வரும். தூணியும் குறுணியும் காணாமற்போகும். ஐந்து அளவுகளிலும் ஒவ்வொன்று வரவேண்டுமென்றால் ஏதோ ஓர் எண் அங்கே வந்துதான் தீரவேண்டும்; அது 153-ஆக அமைந்தது தற்செயல். திபேரியக் கடற்கரையில் எவரும் தூணியையும் பதக்கையும் அறிந்திருக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு உள்ளானவன் நான் ஒருவன் மட்டுமல்லன். இரும எண்முறையை வகுத்த ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், 1697-இல் சிற்றரசர் ஒருவருக்கு எழுதிய மடலில், ஒன்றும் சுழியமும் கொண்டு எல்லா எண்களையும் எழுதுவதை, ஒருவராகிய இறைவன் ஒன்றுமில்லாமையிலிருந்து யாவற்றையும் படைத்ததன் சாயலாகக் கண்டார். அதைப் பதக்கமாக அச்சிடவும் விரும்பினார். சீனாவில் பணியாற்றிய புவே என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, சீனரின் பழம்பெரும் நூலான ஈ சிங்கின் 64 குறிகளிலும் அதே முறை ஒளிந்திருப்பதாக 1701-இல் அவருக்கு எழுதினார். 1703-ஆம் ஆண்டுக் கட்டுரையில் லைப்னிட்ஸ் அதையும் சேர்த்துக்கொண்டார். அழகான ஒப்புமைதான். ஆனால் இறைவன் உலகைப் படைத்தார் என்பது இரண்டிரண்டாக எண்ணுவதால் உண்மையாவதில்லை. மும்மூன்றாக எண்ணுவதால் பொய்யாவதும் இல்லை. ஒப்புமையைச் சான்றாக்கும்போது நம்பிக்கையை மணல்மீது கட்டுகிறோம்.

எனக்குப் பெரிய இடர் வேறொன்றும் இருந்தது. ஞாயிறன்று அந்தப் பெண் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். 153-இன் இலக்கங்களில் அருள் இருக்கிறது என்று நான் பீடத்திலிருந்து சொன்னால், 666-இன் இலக்கங்களில் சாபம் இருக்கிறது என்று நம்ப அவருக்கு உரிமை கிடைத்துவிடும். ஒரே தாளின் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைக் கிழிக்க முடியாது. இன்று ஆறுதலாகும் கணக்கு, நாளை வீட்டில் இன்னொரு துன்பம் வந்தால், வேறு எண்ணைத் தேடிப் பிடித்து அவரைத் தண்டிக்கும். எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

புனித அகுஸ்தினாரிடம் திரும்பினேன். இலக்கங்களைத் தொடாமல் எண்ணையே பார்த்தவர் அவர். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும். பத்துக் கட்டளைகளும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளும் சேர்ந்து பதினேழு என்று அவர் விளக்கினார். முதல் வரிசையில் ஒரு கொட்டை, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று பதினேழு வரிசை வைத்தால் முக்கோணம் ஒன்று அமையும். இதை எந்த முறையில் எழுதினாலும், எழுதாமலே விட்டாலும் முக்கோணம் மாறாது. இது எண்ணின் சொந்தக் குணம். இதைப் பற்றியாவது பேசலாம் அல்லவா?

மறுநாள் மாலை பேரன் வந்தான். இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தான். 666-ஐ எட்டெட்டாகக் கட்டி எழுதி, அவ்விலக்கங்களின் கனங்களைக் கூட்டிக்கொண்டே போனால், அது 153-ஐத் தொடுவதே இல்லையாம். 476, 434, 440, 559, 469 என்ற ஐந்து எண்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறதாம். பத்துப் பத்தாக எழுதும்போதும் மூன்றால் வகுபடும் எந்த எண்ணும் 153-இல்தான் போய் நிற்குமாம். 666-க்கு அதில் தனிச் சிறப்பு ஏதுமில்லையாம். சற்று ஏமாற்றத்துடன் சொன்னான். அகுஸ்தினாரின் முக்கோணத்தை அவனுக்குச் சொன்னேன். வாயால் கணக்கிட்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஃபாதர், முப்பத்தாறு வரிசை வெச்சா அறுநூத்து அறுபத்தாறும் முக்கோணம்தான்."

சரிபார்த்தேன். 36-ஐ 37-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 666. எழுதும் முறையைச் சாராத அதே குணம் இரண்டுக்கும் பொது. எண்ணின் உண்மைக் குணங்கள்கூட இது நல்லது, இது தீயது என்று பிரித்துச் சொல்வதில்லை. அகுஸ்தினார் எண்ணிலிருந்து நம்பிக்கையைப் பெறவில்லை; நம்பிக்கை கொண்ட கண்ணால் எண்ணைப் பார்த்தார். இந்த வரிசையை மாற்றினால் குறிசொல்லுதலில் போய் முடியும்.

நம் மறைமாவட்டத் தலைநகராம் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் கதையை அவனுக்குச் சொன்னேன். இலண்டனையடுத்த பட்னியில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது பார்க்கவந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729, சுவையற்ற எண், அது தீய சகுனமாக இராதிருக்கட்டும் என்றார். இராமானுஜன் மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்றார். 1-இன் கனமும் 12-இன் கனமும். 9-இன் கனமும் 10-இன் கனமும். ஆயாவின் அளவில் 1729 என்பது பதினெட்டுக் கலமும் ஒரு நாழியும். அப்போதும் அந்தக் குணம் அதற்கு உண்டு. அதே ஹார்டி, 1940-இல் வெளியிட்ட தம் நூலில், இலக்கங்களின் கனங்கள் கூடி அதே எண்ணாகும் 153, 370, 371, 407 ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, இவை புதிர்ப் பகுதிகளுக்கு ஏற்றவை, கணித அறிஞரைக் கவர இவற்றில் ஏதுமில்லை என்று ஒதுக்கினார். வண்டியின் எண்ணில் சகுனத்தை எண்ணி அஞ்சியவருக்கு, நோய்ப் படுக்கையில் இருந்தவர் உண்மையைக் காட்டினார். உண்மை அச்சத்தைப் போக்குகிறது. அதற்கு மேல் எதையும் வாக்களிப்பதில்லை.

ஞாயிறு வந்தது. மறையுரையில் 153 என்ற எண்ணுக்கு நான் எந்தப் பொருளும் சொல்லவில்லை. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களைப் பற்றிப் பேசினேன். கரையில் அவர்களுக்கு முன்பே தீ மூட்டி, அப்பமும் மீனும் வைத்துக் காத்திருந்தவரைப் பற்றிப் பேசினேன். தம்மை மறுதலித்த பேதுருவிடம், ஏன் மறுதலித்தாய் என்று அவர் கணக்குக் கேட்கவில்லை என்றேன். மீன்களை யாரோ ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறார்கள், வலை கிழியவில்லை. அதற்கு மேல் அந்த எண்ணிடம் நான் எதையும் கேட்கவில்லை. நம் தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கும் தந்தை, இருட்டில் நெடுஞ்சாலையோரம் விழுந்தவரையும் எண்ணியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் விழுந்தார் என்பதற்கு விடை எனக்குத் தெரியாது என்பதையும் பீடத்திலிருந்தே சொன்னேன்.

நற்கருணை வேளையில் அந்தப் பெண் எழுந்து வந்தார். கடைசி ஆளாக வந்து நின்று கையை நீட்டினார். அவர் முகத்தில் ஒளி ஏதும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன், அழுதுகொண்டுதான் இருந்தார். ஆயினும் அது கணவனை இழந்த பெண்ணின் அழுகை; கணவனைக் கொன்றவளின் அழுகையன்று. அந்த வேறுபாட்டை அறிய எனக்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

திருப்பலி முடிந்ததும் ஆயா என்னை மறித்துக்கொண்டார். "என்னா சாமி, அம்புட்டு லாபம் வந்துச்சே, கோயில்ல சொல்லவே இல்லியே?"

"அது உங்கள் மரக்காலின் லாபம் ஆயா, மீனுடையது இல்லை" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு, காணிக்கையாகக் கொண்டுவந்திருந்த மக்காச்சோளத்தை ஆலய வாசலிலேயே படியால் அளந்து என் பையில் கொட்டத் தொடங்கினார். முதல் படிக்கு இலாபம் என்றார். இரண்டாவதற்கு இரண்டு என்றார். எத்தனை படி என்று நான் எண்ணவில்லை.